மூடிக்குள் போட்ட சோகி

பிள்ளைகளே, உங்கள் மாமாவுக்கும் எனக்கும் கலியாணத்துக்கு முன்பு நடந்த சண்டையைப் பற்றி வீட்டில் இரண்டு கதை இருக்கிறது. மாமா சொல்லும் கதையில் நான் அவரைக் கள்ளன் என்று சொன்னேன். அம்மா சொல்லும் கதையில் நாங்கள் இரண்டு பேரும் சோகி வைத்துச் சூது ஆடினோம். இரண்டும் சரியில்லை. அது சூது இல்லை. கள்ளன் என்ற சொல்லை நான் வாயால் சொல்லவும் இல்லை. மனதில் நினைத்தது உண்மை. அதை மறைக்காமல் எழுதுகிறேன்.

முதலில் என் பொய்யைச் சொல்லவேண்டும். எழுபத்தேழாம் ஆண்டு மலைநாட்டில் கலவரம் நடந்தபின் எங்கள் குடும்பம் வவுனியாவுக்கு வந்தது. அங்கிருந்து நான் மட்டும் கிளிநொச்சிக்குப் போய் ஒரு அரிசி ஆலையில் வேலைக்குச் சேர்ந்தேன். நாலைந்து வருடம் கழித்து ஒரு தரகர் உங்கள் அம்மாவின் சம்பந்தத்தைக் கொண்டுவந்தார். அவர்களும் எங்களைப்போல மலையிலிருந்து வந்தவர்கள்தான். ஆனால் எங்களுக்கு வெகுகாலம் முன்பே வந்து, காடு வெட்டி, வயலும் கிணறும் ஆக்கிக்கொண்டவர்கள். தரகர் அவர்கள் முற்றத்தில் வைத்து, "பையன் பத்தாம் வகுப்பு வரைக்கும் படிச்சவன். இங்கிலீசும் வாசிப்பான்" என்று சொன்னார். நான் பக்கத்தில் நின்றேன். நான் படித்தது எட்டு. இங்கிலீசில் என் பெயரை எழுதுவேன், பஸ்ஸின் நெற்றியில் இருக்கும் ஊர்ப்பெயரை வாசிப்பேன், அவ்வளவுதான். மறுத்துச் சொல்ல வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து உங்கள் அம்மா தேத்தண்ணீர் கொண்டுவந்தார். திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

பெண் வீட்டார் விருப்பம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "விசாரிச்சிட்டுச் சொல்றோம்" என்றார்கள்.

இந்த விசாரிப்பு எப்படி நடக்கும் என்று உங்களுக்குத் தெரிய நியாயமில்லை. மாப்பிள்ளை வேலை செய்யும் இடத்துக்கும் குடியிருக்கும் இடத்துக்கும் பெண் வீட்டார் ஆள் அனுப்புவார்கள். குடிப்பானா, கைநீட்டுவானா, வேறு எங்காவது தொடர்பு இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு போவார்கள். இது மாப்பிள்ளைக்குத் தெரியாமல் நடக்கவேண்டும். அப்படி எங்கே நடக்கும்? கேட்கப்பட்டவர்கள் அன்று பின்னேரமே வந்து சொல்லிவிடுவார்கள். தெரிந்த பிறகும் தெரியாதவன் மாதிரித்தான் மாப்பிள்ளை திரியவேண்டும். அதுதான் மரியாதை. எங்கள் ஆலை முதலாளி ஒருநாள் நான் கேட்காமலே வந்து, "உன்னைப் பற்றி ஒருத்தரும் வந்து விசாரிக்கேல்லை, கண்டியோ" என்றார். அப்படியானால் ஆள் வந்துவிட்டுப் போயிருக்கிறது என்று எனக்கு விளங்கிவிட்டது. "அப்படிங்களா" என்று சொல்லிவிட்டு நெல்லைக் கிண்டப் போனேன்.

அதே கிழமைதான் உங்கள் மாமா என்னைத் தேடிக்கொண்டு சைக்கிளில் வந்தார்.

மாமாவுக்கு அப்போது தண்ணீர்ப் பம்பு திருத்தும் கொட்டில் ஒன்று இருந்தது. அதற்கு முன்பு அவர் கிணறு தோண்டுகிற ஒரு திட்டத்தில் வேலை செய்தவர். அங்கே உதவிக்கு வந்திருந்த ஒரு வெள்ளைக்காரப் பொடியனோடு இரண்டு வருடம் சுற்றியதால் இங்கிலீசு கதைப்பார். சின்ன வயதிலேயே இங்கே வந்துவிட்டதால் அவருடைய தமிழ் முழுக்க இந்த ஊர்த் தமிழ். என்னுடையது அப்போதும் தோட்டத்து லய வீடுகளின் தமிழாகவே இருந்தது.

"ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் என்ன செய்யிறனீர்?" என்று கேட்டார்.

"சும்மாதாங்க இருப்பேன்."

"கொட்டிலுக்கு வாருமன். ஒரு விளையாட்டு இருக்கு. ரெண்டு பேர்தான், ஆள் காணாது."

பெண்ணின் அண்ணன் மாப்பிள்ளையாகப் பார்க்கிறவனை விளையாடக் கூப்பிடுகிறார். எனக்கு உடனே சந்தேகம் வந்துவிட்டது. போகாவிட்டால் ஏன் வரவில்லை என்று யோசிப்பார்கள். போனேன்.

கொட்டிலில் இன்னொருவரும் இருந்தார். சந்தைக்குப் பக்கத்தில் துணிக்கடை வைத்திருந்த முஸ்லிம் மனிதர். எல்லாரும் அவரை நானா என்றே கூப்பிடுவார்கள். ஒரு வாங்கில் அவர் சப்பாணி கட்டிக்கொண்டு இருந்தார். மாமா கதிரையில். அவர் மடியில் அட்டை கழன்ற ஒரு இங்கிலீசுப் புத்தகம். அந்த வெள்ளைக்காரப் பொடியன் ஊருக்குத் திரும்பும்போது விட்டுவிட்டுப் போனதாம்.

விளையாட்டு இதுதான். மாமா ஒரு கதை சொல்லுவார். கதைக்குள் எங்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு ஆள். என் ஆள் வேட்டைக்காரன். நானா வேறு எதற்கும் சம்மதிக்காமல் தன் ஆளை வியாபாரி ஆக்கிக்கொண்டார். கதையில் ஒரு கதவு வந்தால் உடைப்பதா, தட்டுவதா, திரும்பிப் போவதா என்று நாங்கள் சொல்லவேண்டும். சொன்னது நடந்ததா இல்லையா என்பதை எறிந்து பார்க்க வேண்டும். வெள்ளைக்காரன் தாயக்கட்டை மாதிரி ஏதோ வைத்திருந்தானாம், அதைத் தன்னோடு கொண்டுபோய்விட்டான். அதனால் மாமா தாயம் உருட்டுகிற கடல் ஓட்டுச் சோகி ஆறு வைத்திருந்தார். ஒவ்வொரு ஆளுக்கும் ஒவ்வொரு திறமைக்கும் ஒரு எண். அந்த எண்ணுக்கு மேற்படாமல் சோகி மல்லாந்தால் காரியம் நடந்தது, மேற்பட்டால் நடக்கவில்லை. தாயம் ஆடிப் பழகிய எங்களுக்கு இது தலைகீழாக இருந்தது. ஆறும் மல்லாந்தபோது நானா கைதட்டினார், மாமா அவருடைய ஆளின் கால் முறிந்துவிட்டது என்றார்.

என் வேட்டைக்காரனின் திறமைகளில் ஒன்றுக்கு மாமா விழிப்பு என்று பெயர் வைத்திருந்தார். ஒளிந்திருப்பதைக் காண்பது, மெல்லிய சத்தத்தைக் கேட்பது எல்லாம் அதற்குள் அடங்கும். என் ஆளுக்கு விழிப்பு மூன்று. நானாவின் வியாபாரிக்கு ஒன்று, ஆனால் பேரம் பேசுவதில் ஐந்து.

முதல் நாளே அந்த விழிப்பில் சிக்கல் வந்தது.

"பழைய கோட்டை. உள்ளுக்குப் போற வழி நல்ல ஒடுக்கம்" என்று மாமா சொன்னார். "உம்மட ஆள் முன்னுக்குப் போறார். சோகியைப் போடும்."

"எதுக்குங்க?"

"விழிப்புக்கு."

போட்டேன். ஐந்து மல்லாந்தன.

"ஒண்டும் தெரியேல்லை. வழி வெறுமையாக் கிடக்கு. என்ன செய்யிறீர்?"

"என் ஆளு போக மாட்டான்."

"ஏன்?"

"அங்கன ஏதோ இருக்குங்க."

"ஒண்டும் தெரியேல்லை எண்டெல்லோ சொன்னனான்."

"ஒண்ணுமே இல்லாட்டி எதுக்குச் சோகியைப் போடச் சொன்னீங்க?"

நானா தொடையில் தட்டிச் சிரித்தார். "பொடியன் கேக்கிறதிலை ஞாயம் இருக்கு."

மாமா சிரிக்கவில்லை. "அது உமக்குத் தெரியும். உம்மட ஆளுக்குத் தெரியாது. அவன் சோகியைக் காணேல்லை."

"நாந்தானே அண்ணே அவன்?"

"நீர் அவன் இல்லை. நீர் ஆலையில நெல்லுக் காயப்போடுறவர். அவன் கோட்டைக்குள்ள நிக்கிறான். உமக்குத் தெரிஞ்சதை அவனுக்குச் சொல்லிக் குடுக்காதையும்."

அன்று என் ஆளை நான் உள்ளே அனுப்பவேயில்லை. சுவரில் சாய்ந்து நிற்கிறான் என்று சொல்லிவிட்டேன். விளையாட்டு அதோடு நின்றுபோனது.

வீட்டுக்குப் போகும் வழியில் யோசித்தேன். எனக்குத் தெரிந்ததைத் தெரியாததுபோல நடப்பது எனக்குப் புதிதில்லை. அந்த ஒரு மாதமாக ஊரில் அதைத்தானே செய்துகொண்டிருந்தேன். என்னைப் பற்றி விசாரிக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டே தேத்தண்ணீர்க் கடையில் தலைகுனிந்து இருக்கத் தெரிந்தவனுக்கு, ஒரு கோட்டை வாசலில் அது முடியாமல் போனது ஏன் என்று விளங்கவில்லை. ஊரில் தோற்றால் எனக்கு நட்டம், அங்கே தோற்றால் யாருக்கும் இல்லை. அப்படியிருந்தும் முடியவில்லை.

அடுத்த ஞாயிறு போனபோது மாமா ஒரு பிஸ்கட் பேணியின் மூடியைக் கொண்டுவந்து வைத்திருந்தார். தன் பக்கம் சரித்துப் பிடித்தால் அவருக்கு மட்டும் உள்ளே தெரியும்.

"இனி விழிப்புக்கு நான்தான் போடுவன்" என்றார். "மூடிக்குள்ள போடுவன். உங்களுக்குத் தெரிய வேண்டியது எண்டால் சொல்லுவன். இல்லாட்டிச் சொல்ல மாட்டன்."

"புத்தகத்துல அப்படித்தான் இருக்குங்களா?"

"ஓம்."

அவர் அந்த ஓமைச் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. புத்தகத்தைத் திறக்காமலே சொன்னார். என் முகத்தைப் பார்க்காமல் மூடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

அதன்பிறகு எனக்கு விளையாட்டில் மனம் போகவில்லை. மூடியில்தான் போனது. சோகி தகரத்தில் விழும் சத்தம் கேட்கும். மாமா குனிந்து பார்ப்பார். ஒன்றும் சொல்லாமல் கதையைத் தொடருவார். என் ஆள் காணவில்லையா, காண ஒன்றும் இல்லையா, கண்டதை மாமா சொல்லவில்லையா? சிலவேளை ஒரு காரணமும் இல்லாமல் சும்மா போட்டுப் பார்ப்பார். வேண்டுமென்றே எங்களைக் குழப்பத்தான் என்று நினைத்தேன். சந்தையில் ஆறு சோகி வாங்கி, என் அறையில் ஒரு தகர மூடியை வைத்து, மல்லாந்து விழுவதற்கும் கவிழ்ந்து விழுவதற்கும் சத்தத்தில் வித்தியாசம் இருக்கிறதா என்று ஒரு கிழமை எறிந்து பார்த்தேன். வித்தியாசம் இல்லை. பக்கத்து அறையில் இருந்தவர் என்னை ஒரு மாதிரிப் பார்க்கத் தொடங்கினார். அவரிடமும் விசாரிக்க ஆள் வந்தால் என்ன சொல்லுவாரோ என்ற பயம் வந்து நிறுத்திவிட்டேன்.

சோகிக்குள் ஈயம் ஊற்றுவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். மாமா தேத்தண்ணீர் வாங்கப் போன நேரம் அவருடைய சோகிகளை ஒவ்வொன்றாகக் கையில் வைத்து நிறை பார்த்தேன். நானா அதைக் கண்டுவிட்டார். "என்ன தம்பி, நிறுத்து வாங்கப் போறியோ?" என்று மெதுவாகக் கேட்டார். மாமாவிடம் சொல்லவில்லை. சொல்லியிருப்பாரோ என்று இன்றைக்கும் ஒரு சந்தேகம் உண்டு.

மூன்றாம் ஞாயிறு இன்னொரு விதமான சந்தேகம் வந்தது. கதையில் நாங்கள் ஒரு வீட்டுக்குப் போனோம்.

"வீட்டுக்காரர் கள்ளு வைச்சிருக்கினம்" என்றார் மாமா. "உம்மட ஆள் குடிப்பானோ?"

எனக்குப் பொறி தட்டியது. இது விசாரிப்பு. முதலாளியிடம் கேட்டதைத்தான் மாமா இப்போது கதைக்குள் வைத்துக் கேட்கிறார்.

"குடிக்க மாட்டான்" என்றேன்.

"வேட்டைக்காரன் கள்ளுக் குடிக்கமாட்டானோ?"

"அந்தப் பழக்கமே கிடையாதுங்க. அவங்கப்பாவும் குடிச்சதில்ல."

நானா விழுந்து விழுந்து சிரித்தார். "என்ர ஆளுக்கு அதையும் சேர்த்து ஊத்தச் சொல்லுங்கோ" என்றார். அவர் வெற்றிலைகூடப் போடாத மனிதர்.

கொஞ்ச நேரத்தில் மாமா, "அங்கால வேலிக்கரையில ஒரு பொம்பிளை அழுகிற சத்தம் கேக்குது" என்றார்.

"என் ஆளு அந்தப் பக்கமே பாக்க மாட்டான்."

"உதவி கேட்டு அழுகிறா."

"நானா போய்ப் பாக்கட்டும். அவருக்குக் கலியாணமாகிப் பிள்ளைங்களும் இருக்கு."

மாமா என்னை வெகுநேரம் பார்த்தார். பிறகு, பார்க்க மறுத்தவனுக்கு விழிப்புப் போடத் தேவையில்லை, கண்ணை மூடினவன் ஒன்றையும் காணமாட்டான் என்று சொல்லிவிட்டார். அந்தப் பெண்ணிடம்தான் கோட்டை உள்ளறைப் பூட்டைத் திறக்கும் திறப்பு இருந்தது என்பது பிறகு தெரியவந்தது. நானாவின் வியாபாரிக்கு விழிப்பு ஒன்று, அவர் போய்ப் பார்த்தும் திறப்பைக் காணவில்லை. என்னால்தான் திறப்புப் போனது என்று இரண்டு பேரும் பகிடி பண்ணினார்கள். நான் அதைத் தாங்கிக்கொண்டேன். திறப்புப் போனால் போகட்டும். பொம்பிளைப் பக்கம் போகிறவன் என்ற பெயர் வரக்கூடாது.

சண்டை வந்தது நாலாம் ஞாயிறு.

திறப்பு இல்லாததால் நாங்கள் சுற்றுவழியால் போனோம். என் ஆள் முன்னுக்கு, நானாவின் ஆள் பின்னுக்கு. நான் ஒவ்வொரு அடிக்கும், "என் ஆளு கீழ பாக்கிறான், சுவரைப் பாக்கிறான், கூரையைப் பாக்கிறான்" என்று சொல்லிக்கொண்டே போனேன். மாமா மூடிக்குள் சோகி போட்டார். பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

"போறீங்களோ?"

"போறோம்."

"வேட்டைக்காரன் தாண்டிட்டான். வியாபாரி கால் வைச்ச இடம் உடைஞ்சுபோச்சு. கீழ ஆழமான கிடங்கு. அடியிலை ஈட்டி நட்டிருக்கு. ஆள் முடிஞ்சுது."

நானா தலையில் கைவைத்தார். ஒரு மாதமாக வளர்த்த ஆள். "நான் செத்தா கடையை ஆர் திறக்கிறது?" என்று பகிடியாகத்தான் கேட்டார், ஆனால் குரல் இறங்கிப்போயிருந்தது. பிறகு என்னைப் பார்த்து, "உன்ர ஆளை முன்னுக்கு விட்டது என்ர பிழை" என்றார்.

அது எனக்குச் சுட்டது. நான் அவ்வளவு பார்த்தேனே. கீழே பார்த்தேன் என்று வாயால் சொன்னேனே.

"மூடியை இந்தப் பக்கம் காட்டுங்க அண்ணே, பாக்கலாம்" என்றேன்.

"என்னத்துக்கு?"

"எத்தனை மல்லாந்துச்சுன்னு பாக்கத்தான்."

மாமா ஏற்கெனவே சோகிகளை அள்ளிக் கைக்குள் வைத்திருந்தார். அவர் முகம் மாறிவிட்டது. "நான் பொய் சொல்லுறன் எண்டு சொல்லுறீரோ?"

"அப்படிச் சொல்லலீங்க. பாக்கிறேன்னு நானே வாயால சொன்ன பிறகும் மறைச்சுப் போடலாம்னு புத்தகத்துல எங்க இருக்குன்னு காட்டுங்க. அவ்வளவுதான்."

வேறொருவன் கேட்டிருந்தால் அது விளையாட்டுச் சண்டை. நானாவுக்கு முன்னால் தங்கச்சிக்குப் பார்த்த மாப்பிள்ளை கேட்டது அவருக்குப் பெரிய மரியாதைக்கேடு. புத்தகத்தை எடுத்து என் மடியில் வைத்தார். வைத்தார் என்று எழுதுகிறேன், எறிந்தார் என்றே சொல்லலாம்.

"நீர் பத்தாம் வகுப்புப் படிச்சனீர்தானே. இங்கிலீசும் வாசிப்பீராம். நீரே எடுத்து வாசியும்."

புத்தகத்தைத் திறந்தேன். எழுத்து சின்னது, பக்கம் நிறைய. நடுவில் ஒரு படம், ஒரு மனிதன் விளக்கைத் தூக்கிப் பிடித்திருக்கிறான். ஒவ்வொரு எழுத்தும் எனக்குத் தெரிந்த எழுத்துத்தான். சேர்ந்தால் என்ன என்று தெரியவில்லை. விரலை வைத்து வரிவரியாக இழுத்தேன். ஒரு பக்கம் திருப்பினேன். இன்னொன்றும் திருப்பினேன். "அப்படி ஒண்ணும் இல்லையே" என்று சொன்னால் என்ன என்று தோன்றியது. மாமா புத்தகத்தைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். விளையாட்டு, மூடி, சோகி எல்லாமே இந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் செய்த ஏற்பாடு என்று அப்போது நம்பினேன். இப்போது நம்பவில்லை. அப்போது நம்பினேன்.

"எங்க, தா தம்பி, நானும் ஒருக்காப் பாக்கிறன்" என்று நானா கையை நீட்டினார். நானா வவுனியாவில் பெரிய பள்ளிக்கூடத்தில் படித்தவர் என்பது அந்தக் கை நீண்டபோதுதான் எனக்கு நினைவு வந்தது.

உண்மைமேல் எனக்கிருந்த பற்றினால் சொன்னேன் என்று உங்களுக்கு எழுத ஆசைதான். பயத்தினால் சொன்னேன். இன்னும் அரை நிமிடத்தில் பிடிபடப்போகிறவன் முந்திக்கொண்டு சொன்னேன்.

"எனக்கு இங்கிலீசு வாசிக்க வராதுங்க" என்றேன். "பத்தும் படிக்கல. எட்டுத்தான். தரகர் சொன்னப்ப நான் பக்கத்துல நின்னுக்கிட்டு சும்மா இருந்துட்டேன்."

வெளியே பரந்தன் பக்கம் போகும் பஸ் ஒன்று ஆரன் அடித்துக்கொண்டு போனது. அந்தரம் தாங்கமுடியாமல்தான் நானா என் மடியிலிருந்து புத்தகத்தை எடுத்து வாசிக்கத் தொடங்கினார் என்று நினைக்கிறேன். இடத்தைக் கண்டுபிடித்து, ஒவ்வொரு வசனமாகத் தமிழில் சொன்னார்.

"விழிப்பை ஆட்டக்காரனும் போடலாமாம். கதை நடத்துறவர் மறைச்சும் போடலாமாம். அது நடத்துறவற்ர விருப்பம். ஆனா எந்த விதம் எண்டதைத் தொடங்க முதலே எல்லாருக்கும் சொல்லிப்போட வேணுமாம்." பக்கத்தைத் திருப்பினார். "இன்ன இடத்தைப் பாக்கிறன் எண்டு ஆள் சொன்னால், அந்த இடத்தில இருக்கிறது கூடுதலாத் தெரியவேணுமாம். அதுக்கு எண்ணில ஒண்டு கூட்டச் சொல்லியிருக்கு. ஆள் காணாததை ஆட்டக்காரன் பாவிக்கக் கூடாதாம், அதுவும் கிடக்கு."

"அப்பிடியோ போட்டிருக்கு?" என்றார் மாமா. தலையை நீட்டிப் பார்த்தார்.

அந்த ஒரு கேள்வியில் எனக்கு விளங்கிவிட்டது. அந்தப் பக்கத்தை அவரும் வாசித்ததில்லை. வெள்ளைக்காரனோடு இருந்து வாயாலும் காதாலும் பழகிய விளையாட்டு அது. இங்கிலீசு கதைக்கத் தெரிந்தவர் அந்தப் புத்தகத்தை மடியில் மட்டும் வைத்திருந்திருக்கிறார். அதைச் சொல்லிக்காட்டும் நிலையில் நான் இல்லை.

"எத்தனை மல்லாந்தது?" என்று நானா மாமாவைக் கேட்டார்.

"நாலு."

"அப்ப, கீழ பாக்கிறன் எண்டு பொடியன் சொன்னதுக்கு மூண்டோட ஒண்டு கூட்டினால் அவன்ர விழிப்பும் நாலு. கண்டிருக்கவேணும். நான் சாகேல்லை."

மாமா நாலு என்றதை நான் நம்பினேன். ஆறு என்று அவர் சொல்லியிருந்தால் என்னை முழுக்கத் தோற்கடித்திருக்கலாம். சொல்லவில்லை.

நான் எழுந்து போகும்போது மாமா வாசல்வரை வந்தார். "எங்கட ஐயாவிட்டை இதை நான் சொல்லமாட்டன்" என்றார். கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. உடனே, "நீர்தான் போய்ச் சொல்லவேணும். வாற சனிக்கிழமைக்குள்ள சொல்லும்" என்றார்.

சனிக்கிழமை காலை போனேன். உங்கள் தாத்தா முற்றத்தில் மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தார். உங்கள் அம்மா குசினிக்குள் அடுப்படியில். நான் நின்றபடியே சொன்னேன். தாத்தா பிடியை இறுக்குவதை நிறுத்தவில்லை. எல்லாம் கேட்டபிறகு நிமிர்ந்தார்.

"அப்ப எட்டுங்கிறே."

"ஆமாங்க."

"எட்டுங்கிறது நெசமா? இல்ல அதுவும் அஞ்சா?"

இப்படி ஒரு கேள்வி வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பொய்யை விட்டுவிட்டால் மிச்சம் உண்மை தானாக நிற்கும் என்று நினைத்திருந்தேன்.

"நெசந்தாங்க. எட்டு."

"சர்டிபிகேட்டு இருக்கா?"

"லயத்துலயே போயிருச்சுங்க. எழுபத்தேழுல."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க" என்றார் தாத்தா. "படிச்சவன் சர்டிபிகேட்டும் அதுலதான் போச்சு. படிக்காதவன் சர்டிபிகேட்டும் அதுலதான் போச்சு. நான் யார்கிட்டப் போய்க் கேக்கிறது?"

தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் என்னோடு படித்தவர்கள் எங்கெங்கோ போய்விட்டார்கள். ஆனையிறவு உப்பளத்தில் ஒருவன் இருக்கிறான் என்று கேள்வி. அவனை விசாரித்தாலும் கூட்டாளிக்காகச் சொல்லுகிறான் என்றுதான் நினைப்பார்கள்.

"சரி, பதினாறாம் வாய்ப்பாடு சொல்லு" என்றார் தாத்தா.

சொன்னேன். நல்ல சத்தமாகச் சொன்னேன். தாத்தா பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர், நான் சொல்வது சரியா பிழையா என்று அவருக்குத் தெரியாது. என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். முடித்ததும் குசினிப் பக்கம் திரும்பி, "சரியாம்மா?" என்று கேட்டார்.

உள்ளேயிருந்து உங்கள் அம்மாவின் குரல் வந்தது. "ஆறாவது பிழை. தொண்ணூத்தாறு. தொண்ணூத்திநாலுன்னு சொன்னாரு."

"பிழையா?"

கொஞ்சம் பொறுத்து, "பயத்துல பிழைச்சிருக்கும்ப்பா" என்று வந்தது.

தாத்தா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வயல் பக்கம் போய்விட்டார். தேத்தண்ணீர் வரவில்லை.

அதன்பிறகு மூன்று ஞாயிற்றுக்கிழமை மாமா என்னைக் கூப்பிடவில்லை. நானாவின் கடைக்கு ஒரு துவாய் வாங்குகிற சாட்டில் போனேன். அவர் கடைக் கதை எல்லாம் கதைத்தார், இதைப் பற்றி ஒரு சொல்லும் கதைக்கவில்லை. கதைக்காததிலிருந்தே எனக்குச் சந்தேகம். ஆலையில் முதலாளி யாரோடாவது தனியே நின்று கதைத்தால் நான் நெல் கிண்டும் பலகையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கமே நகருவேன். தேத்தண்ணீர்க் கடையில் இரண்டு பேர் என்னைப் பார்த்துவிட்டுப் பேச்சை நிறுத்தினார்கள். அவர்கள் உரமூட்டையைப் பற்றித்தான் கதைத்திருப்பார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. சோகி எங்கேயோ ஒரு மூடிக்குள் விழுந்துவிட்டது, எத்தனை மல்லாந்தது என்பதை எல்லாரும் பார்த்துவிட்டார்கள், எனக்கு மட்டும் சொல்லவில்லை என்று நினைத்துக்கொண்டு திரிந்தேன்.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை, நல்ல வெயில். அவித்த நெல்லைச் சீமெந்துத் தளத்தில் பரப்பிக் கிண்டிக்கொண்டிருக்கிறேன். தாத்தா குடை பிடித்துக்கொண்டு ஆலைப் படலையால் வந்தார். என்னைப் பார்த்தார். நான் வழக்கப்படி காணாதவன்போலக் குனிந்துகொண்டேன். அவர் நேரே தளத்துக்கு வந்து, எனக்கு நாலடி தூரத்தில் நின்று, "முதலாளி" என்று கூப்பிட்டார்.

முதலாளி வந்தார். விசாரிப்பு என்று அவருக்கு விளங்கிவிட்டது. "வாங்கோ, கந்தோருக்குள்ள போய்க் கதைப்பம்" என்று தாத்தாவின் தோளைத் தொட்டார்.

"இல்லீங்க. இங்கனயே சொல்லுங்க. அவனும் கேக்கட்டும்" என்றார் தாத்தா.

முதலாளிக்கு அந்தரமாகிவிட்டது. இப்படி யாரும் கேட்பதில்லை. என்னைப் பார்த்தார், நெல்லைப் பார்த்தார். நான் கிண்டுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து நின்றேன். அத்தனை மாதத்தில் முதல்தடவையாக, கேட்பதைக் கேட்கிறவனாகவே நின்றேன்.

"வேலை செய்வான்" என்றார் முதலாளி. "குடி இல்லை. கோபம் வந்தால் ரெண்டு நாளைக்குக் கதைக்கமாட்டான். வேற என்ன? காலமை பிந்தித்தான் வருவான். கிழமையிலை மூண்டு நாளாவது பிந்தும். அதுதான் என்னால ஏலாமக் கிடக்கு."

தாத்தா என் பக்கம் திரும்பினார். "ஏன் பிந்துறே?"

"சைக்கிள் செயின் கழண்டுக்கிட்டே இருக்குங்க. வழியில நின்னு நின்னு மாட்டிக்கிட்டு வரணும்."

"நெசமா?"

"நெசங்க."

தாத்தா குடையை மடக்கினார். சுவரோரம் சாய்த்து வைத்திருந்த என் சைக்கிளிடம் போனார். சீட்டைப் பிடித்துப் பின்சில்லைத் தூக்கி, மற்றக் கையால் பெடலைச் சுற்றினார். ஒரு சுற்று ஒழுங்காகச் சுற்றியது. அந்தச் சனியன் பிடித்த செயின் ஒருநாளும் கழலாமல் இருந்ததில்லை, இன்றைக்கென்று இருந்துவிடுமோ என்று பயந்தேன். இரண்டாம் சுற்றும் சுற்றியது. மூன்றாம் சுற்றில் டக் என்று கழன்று தொங்கியது.

தாத்தா குனிந்து பார்த்தார். விரலில் பட்ட கிரீசைச் சுவரில் துடைத்தார்.

"ரெண்டு கண்ணி வெட்டணும்" என்றார். "மச்சான்காரன் கொட்டில்ல குடுத்தா வெட்டித் தருவான். வர்ற ஞாயித்துக்கெழமை கொண்டுபோ."

பிறகு முதலாளியிடம், நாள் பார்த்தபிறகு தானே வந்து சொல்வதாகச் சொல்லிவிட்டு, குடையை விரித்துக்கொண்டு போனார்.